முப்பது வருட வில்லங்கமும் நூற்றைம்பது வருடப் பெரம்பூரும்

அமாவாசைக் கூட்டம் நேற்றோடு மலை இறங்கிவிட்டது. மாதேஸ்வரன் மலையில் வேலை பார்க்கும் வங்கிக்காரனுக்கு மாதக் கடைசியை விட அமாவாசைதான் பெரிய வேலை. சேலம், மேட்டூர், தர்மபுரிப் பக்கத்திலிருந்து பஸ் பஸ்ஸாக சனம் வந்து போகும். இரண்டு நாள் கழித்துத்தான் நிமிர்ந்து உட்கார முடியும். இன்று நிமிர்ந்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

மாற்றல் ஆர்டர் வந்தபோது "மைசூரு வட்டாரம்" என்றுதான் போட்டிருந்தது. மைசூரில் வீடு பார்த்து, தசரா எல்லாம் பார்க்கலாம் என்று தங்கமணி கனவு கண்டாள். கடைசியில் மைசூரிலிருந்து கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர் தள்ளி, காட்டுக்கு நடுவே இந்த மலை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், இங்கே தமிழுக்குப் பஞ்சமில்லை. இந்த மலை சேர்ந்திருந்த கொள்ளேகால் தாலுகா 1956 வரை நம் கோயம்புத்தூர் ஜில்லாவில்தான் இருந்தது. மொழிவாரி மாநிலம் பிரித்தபோது மைசூர் ராஜ்ஜியத்துக்குப் போனது. மலை இறங்கி பாலாறு செக்போஸ்ட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. என் சென்னை மட்டும்தான் தூரம்.

போன வாரம் மச்சான் ஷார்ஜாவிலிருந்து கூப்பிட்டான். தங்கமணியின் தம்பி.

"மாமா, பெரம்பூர்ல பழைய மில் நிலத்துல டவர் டவரா ஃபிளாட் வருது. நான் ஒண்ணு போடறேன், நீங்களும் ஒண்ணு போடுங்க. அப்கமிங் ஏரியா மாமா. அஞ்சு வருஷத்துல டபுள்!"

அவன் சொன்ன "பழைய மில்" என் தாத்தா வேலை பார்த்த மில். என் அப்பா இன்றைக்கும் அதற்குப் பக்கத்தில் பட்டாளத்துப் பக்கம் ஒரு சந்தில், வாடகை வீட்டில்தான் இருக்கிறார். நான் இருபது வருடமாக ஊர் ஊராக மாற்றலாகிக் கொண்டிருக்கிறேன். அப்பாவுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. அவருக்கு ஒரு சொந்த வீடு, எனக்கு ரிட்டையர் ஆனபின் ஒரு இடம், மச்சான் கணக்கில் ஒரு முதலீடு. ஒரே ஃபிளாட்டில் மூன்றும் முடிந்துவிடும் போல இருந்தது. தங்கமணி அப்போதே எந்த மாடி என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

வீட்டுக் கடன் கேட்டு யார் வந்தாலும் நாங்கள் முதலில் கேட்பது வில்லங்கச் சான்றிதழ். பொதுவாக முப்பது வருடத்துக்குப் போடச் சொல்வோம். அந்த நிலத்தை யார் விற்றார், யார் வாங்கினார், எந்த அடமானம் பாக்கி என்று வரிசையாக வரும். இந்த நிலத்துக்கு முப்பது வருட வில்லங்கம் போட்டால் என்ன வரும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். கிட்டத்தட்ட 1996-ல் போய் நிற்கும். மில் மூடிய வருடம் 1996. அதாவது மில் செத்த பிறகு நடந்ததுதான் அந்தக் காகிதத்தில் இருக்கும். மில் உயிரோடு இருந்த காலத்துக்கு வில்லங்கம் யார் கொடுப்பார்கள்? சரி, நாமே போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்ததன் விளைவுதான் இது. கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கொண்டு வந்து படிக்கவும்.

*

முதல் பதிவு: பஞ்சம்

பெரம்பூர் பக்கத்து பக்கிங்ஹாம் மில் 1876-ல் தொடங்கப்பட்டு 1878-ல் ஓட ஆரம்பித்தது. தொடங்கியவர்கள் பின்னி அண்ட் கோ என்ற மெட்ராஸ் வெள்ளைக்காரக் கம்பெனி. வருடத்தைக் கவனியுங்கள். 1876-78 என்றால் தாது வருஷப் பஞ்சம். நம் பாட்டிமார் "தாது வருஷத்துப் பஞ்சம் மாதிரி" என்று சொல்வார்களே, அதேதான். தென்னிந்தியாவில் பல லட்சம் பேரைக் கொண்டுபோன பஞ்சம்.

அப்போது மெட்ராஸ் கவர்னராக இருந்தவர் பக்கிங்ஹாம் பிரபு. பஞ்சத்தில் அடிபட்டு வந்தவர்களுக்குக் கூலி கொடுத்து வெட்ட வைத்த கால்வாய்க்கு அவர் பெயர் வைத்தார்கள். அதே காலத்தில் எழுந்த மில்லுக்கும் அவர் பெயர்தான். கால்வாய் இன்றும் இருக்கிறது, என்ன நிறத்தில் என்று கேட்காதீர்கள்.

1880களின் தொடக்கத்தில் பக்கத்திலேயே கர்நாட்டிக் மில் வந்தது. 1920-ல் இரண்டும் ஒன்றாகி பக்கிங்ஹாம் அண்ட் கர்நாட்டிக் ஆனது. ஊர்க்காரர்களுக்கு அது "பி அண்ட் சி மில்", இல்லாவிட்டால் வெறும் "பின்னி மில்". செங்கல்பட்டு, வட ஆற்காடு என்று சுற்றுப்பக்கத்து ஜில்லாக்களில் நிலம் காய்ந்தவர்களும் நிலமே இல்லாதவர்களும் வேலை தேடி வந்தார்கள். பெரம்பூர், ஓட்டேரி, பட்டாளம், புளியந்தோப்பு எல்லாம் இப்படி வந்தவர்களால் நிறைந்த இடங்கள். என் கொள்ளுத்தாத்தா காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்.

சம்பாதிக்க ஊரை விட்டு வந்து, "ரெண்டு வருஷத்துல திரும்பிப் போயிடலாம்" என்று சொல்லிக்கொண்டே அங்கேயே செத்துப்போனவர்கள் அவர்கள். ஷார்ஜாவிலும் சிங்கப்பூரிலும் பெங்களூரிலும் இதைப் படிக்கும் நமக்கு இது புதுக்கதை இல்லை. மச்சான் "அப்கமிங்" என்கிறான். அந்த ஏரியா முதல் தடவை அப்கமிங் ஆனது 1878-ல்.

இரண்டாம் பதிவு: ஒரு வங்கி திவால்

தொழில் புத்தி போகாது, இதைச் சொல்லாமல் நகர முடியவில்லை. 1906 அக்டோபரில் மெட்ராஸில் அர்பத்நாட் என்ற பெரிய வெள்ளைக்கார வங்கி-வியாபார நிறுவனம் திவாலானது. விதவைகள், பென்ஷன்காரர்கள், வக்கீல்கள் என்று ஆயிரக்கணக்கானவர்களின் டெபாசிட் போயிற்று. அதன் தலைவர் ஜார்ஜ் அர்பத்நாட் ஜெயிலுக்குப் போனார்.

அந்த அடியில் பின்னியும் ஆட்டம் கண்டது. ஜேம்ஸ் மக்காய் என்பவர், பின்னாளில் இஞ்ச்கேப் பிரபு ஆனவர், கம்பெனியைத் தன் கைக்குக் கொண்டுவந்து காப்பாற்றினார். இன்னொரு பக்கம், "நம் பணத்தை நாமே பார்த்துக்கொள்வோம்" என்று வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று 1907-ல் இந்தியன் வங்கியைத் தொடங்க வைத்தார். ஒரே திவாலில் ஒரு மில்லுக்கு முதலாளி மாறினார், ஊருக்கு ஒரு சொந்த வங்கி கிடைத்தது. மில்லில் உழைத்தவனுக்கு மட்டும் அன்றைக்கும் அதே சங்கு, அதே கூலி.

மூன்றாம் பதிவு: சங்கம்

1918 ஏப்ரல் 27. பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய நாள். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். மில்லுக்குப் பக்கத்தில் வியாபாரம் பார்த்துவந்த செல்வபதி செட்டியாரும் ராமாஞ்சுலு நாயுடுவும் தொழிலாளர் படும்பாட்டைப் பார்த்து அன்னி பெசன்ட் அம்மையாரின் சகாவான பி.பி. வாடியாவிடம் போய்ச் சொன்னார்கள். வாடியா தலைவரானார். திரு.வி.க. பக்கபலமாக நின்றார்.

கேட்டது என்ன தெரியுமா? மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் கொஞ்சம் நேரம். மேலதிகாரி கை நீட்டி அடிக்கக் கூடாது. கூலி கொஞ்சம் கூட வேண்டும். இன்றைக்கு நாம் எச்.ஆர். பாலிசி என்று படிக்காமலே கையெழுத்துப் போடும் விஷயங்கள்.

மில் நிர்வாகம் வாடியா மேல் ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டுத் தடை வாங்கியது. வேலைநிறுத்தம் செய்யத் தூண்டுவது ஒப்பந்தத்தை மீறத் தூண்டுவது என்பது வாதம். நஷ்டஈடு வேறு கேட்டார்கள். சங்கம் நடத்தினால் சொத்தே போய்விடும் என்ற நிலை. அந்த வழக்கின் அதிர்ச்சியில்தான் 1921-ல் மத்திய சட்டசபையில் என்.எம். ஜோஷி தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. எங்கள் வங்கி யூனியன் வாசலில் நின்று கொடி பிடிக்க முடிகிறதென்றால் அதற்கு வேர் பெரம்பூரில் இருக்கிறது.

நான்காம் பதிவு: எங்கள் வீட்டில் சொல்லாத பாதி

இனி எழுதப்போவது கொஞ்சம் கஷ்டமான பகுதி.

1921 ஜூனில் மில்லில் பெரிய வேலைநிறுத்தம் ஆரம்பித்தது. சுமார் பத்தாயிரம் பேர் சம்பந்தப்பட்டது. அக்டோபர் வரை இழுத்தது. எங்கள் வீட்டில் அந்தக் கதையைத் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன் (கொசுவர்த்தி சுற்றிக்கொள்ளவும்). கொள்ளுத்தாத்தா மாதக்கணக்கில் வேலைக்குப் போகவில்லை. கொள்ளுப்பாட்டி தாலிக்கொடியை அடகு வைத்தாள். பக்கத்துச் சேரிக்காரர்கள் "கருங்காலிகள்", வெள்ளைக்காரன் பேச்சைக் கேட்டு உள்ளே போய்விட்டார்கள், அதனால்தான் தோற்றோம். இதுதான் கதை. சின்ன வயதில் இதைக் கேட்கும்போது எனக்கும் கோபம் வரும்.

பிறகு படித்தபோதுதான் மீதிப் பாதி தெரிந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பியது உண்மை. ஏன் திரும்பினார்கள்? சாதி இந்துத் தொழிலாளிக்குச் சோற்றுக்கு ஊரில் ஒரு காணியோ, கைமாற்றுக் கொடுக்க ஒரு சொந்தமோ, அடகு வைக்க ஒரு தாலிக்கொடியோ இருந்தது. இவர்களுக்கு வாரக்கூலி நின்றால் அடுப்பும் நின்றது. அதற்கு முந்தைய நிறுத்தங்களில் அதிகம் அடிபட்டவர்களும் அவர்களே. சங்கத்தில் அவர்கள் குரல் எவ்வளவு கேட்டது என்பதும் கேள்விதான். நிர்வாகமும் அரசாங்கமும் இந்தப் பிளவை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டன.

முடிவு என்ன ஆயிற்று? புளியந்தோப்பில் கலவரம். குடிசைகள் எரிந்தன. இரண்டு பக்கமும் அடி. ஆகஸ்ட் 29 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பலர் செத்தார்கள். அதன் பிறகும் சூடு நடந்தது. அக்டோபரில் நிறுத்தம் தோற்று முடிந்தது. அரசியலிலும் அந்த விரிசல் போனது. அப்போது ஆட்சியில் இருந்த நீதிக் கட்சிக்குள் எம்.சி. ராஜா, கட்சி தாழ்த்தப்பட்டவர்கள் பக்கம் நிற்கவில்லை என்று மனம் வெறுத்து 1923-ல் வெளியேறினார்.

எரிந்த குடிசைகளில் யார் வீடு எது என்று எங்கள் வீட்டுக் கதையில் ஒருநாளும் வந்ததில்லை. "கருங்காலி" என்ற ஒரு வார்த்தையோடு அந்தப் பக்கத்தை மூடிவிட்டார்கள். நூறு வருடம் கழித்து, "புளியந்தோப்பா, ஐயோ" என்று மூக்கைச் சுளிக்கும் ஊர்க்காரர்களில் பாதிப் பேருக்கு அந்தச் சுளிப்பு எப்போது ஆரம்பித்தது என்று தெரியாது.

சரி, முதலீட்டைப் பற்றிப் பேசும்போது இது எதற்கு என்கிறீர்களா? அந்தச் சுளிப்புக்கு சதுர அடிக்கு ஒரு விலை இருக்கிறது. ஒரே மில், ஒரே மண். ஒரு பக்கம் பெரம்பூர், ஒரு பக்கம் ஓட்டேரி, ஒரு பக்கம் புளியந்தோப்பு. விளம்பரத்தில் எந்தப் பெயரைப் போடுவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

ஐந்தாம் பதிவு: காக்கி

இரண்டு உலகப் போரிலும் ராணுவத்துக்குக் காக்கித் துணி போட்ட மில் இது. அப்புறம் போலீஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று யூனிஃபார்ம் என்றாலே பின்னி. "பின்னி டிரில்" என்று கேட்டு வாங்கிய தலைமுறை இன்னும் இருக்கிறது. அது இரண்டாவது அப்கமிங் காலம்.

தாத்தா 1940 வாக்கில் சேர்ந்து வீவிங் பகுதியில் முப்பத்தெட்டு வருடம் இருந்தார். தறிச் சத்தத்தில் காது மந்தம். வீட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். இன்றைக்கும் நான் போனில் கத்துவதாகத் தங்கமணி சொல்வது அந்தச் சொத்துதான் :-) காலைச் சங்கு ஊதினால் தெருவே எழுந்திருக்கும். கடிகாரம் இல்லாத வீடுகளுக்கு அந்தச் சங்குதான் கடிகாரம். சம்பள நாளன்று கேட்டுக்கு வெளியே பட்டாணிக் கடைக்காரனிலிருந்து வட்டிக்காரன் வரை வரிசையில் நிற்பார்கள். மில் என்பது உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் சோறு போடவில்லை. டீக்கடை, சைக்கிள் கடை, அடகுக் கடை, இட்லிக் கடை ஆயா எல்லோரும் அதன் சம்பளப் பட்டியலில் இருந்தார்கள், பெயர் மட்டும் இல்லை.

ஆறாம் பதிவு: மில் நிலமாகிறது

பிறகு என்ன ஆயிற்று என்பது இந்தியாவில் எந்த மில் ஊருக்கும் ஏறக்குறைய ஒரே கதை. நூற்பு, நெசவு, சாயம் எல்லாம் ஒரே கூரையில் செய்யும் பெரிய மில்லோடு விசைத்தறி போட்டி போட்டது. குறைந்த கூலி, குறைந்த வரி. பாலியெஸ்டர் வந்தது. மெஷின்கள் கிழடாயின, புதிது வாங்கப் பணம் இல்லை. 1985-ல் நலிவடைந்த நிறுவனங்களுக்கென்று சட்டம் வந்து, அடுத்து பி.ஐ.எஃப்.ஆர். என்ற வாரியமும் வந்தது.

இங்கே ஒரு வங்கிக்காரன் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பழைய கம்பெனியின் பாலன்ஸ் ஷீட்டில் நிலம் என்பது வாங்கிய விலையில் தூங்கிக்கொண்டிருக்கும். நூறு வருடத்துக்கு முன் ஊருக்கு வெளியே வாங்கிய ஏக்கர்கள். இடையில் ஊர் வளர்ந்து அதைச் சுற்றி வந்துவிடும். ஒரு கட்டத்தில் தறி ஓடிச் சம்பாதிப்பதை விட, தறிக்கு அடியில் இருக்கும் மண் அதிகம் பெறும். அந்த நாளிலிருந்து மில்லைக் காப்பாற்ற யாருக்கும் பெரிய அவசரம் இருக்காது. கெட்ட எண்ணம் என்று சொல்லவில்லை, கணக்கு அப்படி.

அப்போது அந்த மண்ணின் மேல் யாருக்கெல்லாம் பாத்தியதை? கடன் கொடுத்த வங்கிக்கு. வரி பாக்கிக்கு அரசாங்கத்துக்கு. சம்பளம், பி.எஃப்., கிராஜுவிட்டி பாக்கியுள்ள தொழிலாளிக்கு. 1985-ல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி, கம்பெனி கலைக்கப்பட்டால் தொழிலாளர் பாக்கியும் அடமானம் பிடித்த வங்கியும் சம வரிசை என்று ஆக்கினார்கள். 2016-ல் வந்த திவால் சட்டத்தில் அந்தச் சம வரிசை 24 மாதப் பாக்கிக்கு என்று வரையறுத்தார்கள். ஆனால் வேலை போனவன் மகளின் கல்யாணம், இட்லிக் கடை ஆயாவின் வியாபாரம் எல்லாம் எந்த வரிசையிலும் வராது.

பம்பாயில் இதே நாடகம் பெரிய மேடையில் நடந்தது. 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய நிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள். பல மில்கள் அதன்பின் எழவே இல்லை. மில் நிலம் சுமார் 600 ஏக்கர் என்பார்கள். 1991-ல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். மில் நிலத்தை விற்றால் மூன்றில் ஒரு பங்கு ஊருக்குத் திறந்தவெளியாக, ஒரு பங்கு பொது வீட்டு வசதிக்கு, ஒரு பங்கு உரிமையாளருக்கு. கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? 2001-ல் அதைத் திருத்தி, கட்டடம் இல்லாத காலி நிலத்தில் மட்டும்தான் பங்கு என்றார்கள். ஊருக்கு வரவேண்டியது சுருங்கிப் போயிற்று. வழக்கு 2006-ல் உச்ச நீதிமன்றம் வரை போய், திருத்தமே நின்றது. லோயர் பரேலில் ஃபீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் இன்று ஷாப்பிங் மால். பழைய புகைபோக்கி மட்டும் அழகுக்கு நிற்கிறது.

பெங்களூரிலும் பார்க்கலாம். மாகடி ரோடு பக்கம் 1884-ல் தொடங்கி பின்னியின் கைக்கு வந்த மில் ஒன்று இருந்தது. எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. இன்று பின்னிப்பேட்டையில் அடுக்குமாடிகளும் மாலும். மல்லேஸ்வரத்தில் ராஜா மில் இருந்த இடத்தில் 2010-லிருந்து மால். பஞ்சாலைகளின் தாய் ஊரான மான்செஸ்டரில் கூட அன்கோட்ஸ் பகுதியில் மில்களெல்லாம் வீடுகளாகிவிட்டன. அங்கே பழைய செங்கல் கட்டடத்தையே வீடாக மாற்றியதால் மில் எப்படி இருந்தது என்றாவது பேரப்பிள்ளைக்குக் காட்டலாம்.

*

பெரம்பூர் மில் 1996-ல் மூடிய பிறகு என் தலைமுறை அதைப் பார்த்தது தியேட்டரில்தான். ஹீரோ வில்லனை அடிக்கும் பாழடைந்த தொழிற்சாலை வந்தால் "ஏய், பின்னி மில்லு!" என்று ஓட்டேரிப் பசங்கள் கத்துவோம். கண்டெய்னர் வைக்கும் கிடங்காகவும் கொஞ்ச நாள் இருந்தது. இப்போது டவர்கள். ஓட்டேரி, பெரம்பூர் வழியாக மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நடக்கிறது. மூன்றாவது அப்கமிங்.

இப்போது கணக்கு. பேச்சுக்கு ஒரு கோடி ரூபாய் ஃபிளாட் என்று வைப்போம். கையிலிருந்து 25 லட்சம், கடன் 75 லட்சம். எட்டரை வட்டியில் 20 வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 65,000. வாடகை 25,000 வந்தால் நல்லது. மாதம் 40,000 கையை விட்டுப் போகும், ஐந்து வருடத்தில் 24 லட்சம். "அஞ்சு வருஷத்துல டபுள்" ஆக வேண்டுமானால் விலை வருடா வருடம் கிட்டத்தட்ட 15 சதவீதம் ஏற வேண்டும். மெட்ரோ வரும் என்ற நம்பிக்கை ஏற்கெனவே விலைக்குள் ஏறி உட்கார்ந்திருக்கும்போது மேலே எவ்வளவு இடம் இருக்கும்?

இன்னொன்று தண்ணீர். அந்த வட்டாரத்துக்கு வடிகால் ஓட்டேரி நல்லா. மழை வலுத்தால் நல்லா நிரம்பும். 2015-ல் பார்த்தோம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் பார்த்தோம். பதினேழாவது மாடிக்குத் தண்ணீர் ஏறாது. பால் பாக்கெட்டும் ஆம்புலன்சும் தரையில்தான் வரவேண்டும்.

மச்சானிடம் இதையெல்லாம் சொன்னேன். "மாமா, நீங்க பேங்க்ல உக்காந்து உக்காந்து எல்லாத்துக்கும் பயப்படறீங்க" என்றான். இருக்கலாம். "முன்பணம் கட்டறதுக்கு முன்னாடி ரெரா பதிவு எண்ணைப் பாரு, மூலப்பத்திரம் பாரு, பிரிபடாத பங்கு எவ்வளவுன்னு கேளு, இதெல்லாம் பார்த்தப்பறம் ஒரு நவம்பர் மழையில யாரையாவது அனுப்பி ரோட்டைப் பாரு" என்றேன். அதற்குச் சரி என்றிருக்கிறான்.

அப்புறம் அப்பாவுக்குப் போன் போட்டேன். சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தேன். தாத்தா உழைத்த மண்ணில் சொந்த வீடு, சினிமாவாக இருந்தால் பின்னணி இசையே போட்டிருப்பார்கள். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"உங்க தாத்தாவுக்கு கேட்ல காட்ட டோக்கன் இருந்துச்சு. சங்கு ஊதுனா உள்ள போவாரு. எனக்கு உள்ள யாரைத் தெரியும்? இந்தச் சந்துல நான் ஒரு நாள் டீக்கடைக்கு வரலைன்னா கதவைத் தட்டிப் பாக்க நாலு பேரு இருக்கான். அதுல ரெண்டு பேரு புளியந்தோப்புக்காரன். அவன் செக்யூரிட்டிகிட்ட பேரு எழுதிட்டு வருவானா?"

எனக்குப் பதில் வரவில்லை. என் கணக்கில் தவணை இருந்தது, வாடகை இருந்தது, வெள்ளம் கூட இருந்தது. கதவைத் தட்டும் நாலு பேர் இல்லை. அதிலும் அந்த ரெண்டு பேர். கொள்ளுத்தாத்தா காலத்தில் கருங்காலி என்று மூடிய பக்கத்தை அப்பா டீக்கடையில் எப்போதோ திறந்து முடித்துவிட்டிருக்கிறார். நான்தான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதாகப் பெருமைப்பட்டுக் கொண்டிருந்தேன்.

ஆகவே இப்போதைக்கு முன்பணம் கட்டவில்லை. டிசம்பரில் ஒரு வாரம் லீவு சொல்லியிருக்கிறேன். மழை நாளாகப் பார்த்து அப்பாவோடு குடை பிடித்து மில்லைச் சுற்றி ஒரு நடை போக வேண்டும். டவர்களையும் பார்ப்பேன். அப்பா இருக்கும் சந்திலும் பக்கத்துத் தெருக்களிலும் ஏதாவது பழைய வீடு, தரைத்தளம், கை நீட்டினால் தெருவைத் தொடும்படி விற்பனைக்கு வருகிறதா என்றும் விசாரிப்பேன். அதற்கு ஐந்து வருடத்தில் டபுள் ஆகாது. தங்கமணி முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள், சமாளிக்க வேண்டும்.

வெளியூரில் இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு ஊரில் ஒரு நிலம் என்பது பணம் மட்டுமில்லை. ஊர் நம்மை மறக்கவில்லை என்பதற்கு ஒரு ரசீது. அதனால்தான் "அப்கமிங்" என்று யார் சொன்னாலும் மனசு போய்விடுகிறது. போகட்டும், தப்பில்லை. ஆனால் "வளரும் பகுதி" என்ற போர்டைப் பார்த்தால் இதற்கு முன் அது எத்தனை தடவை வளர்ந்தது, ஒவ்வொரு தடவையும் யார் உள்ளே வந்தார்கள், யார் கேட்டுக்கு வெளியே நின்றார்கள் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். முப்பது வருடத்துக்கு மேல் எந்த அலுவலகமும் அதைப் பழக்கமாக எழுதித் தராது. அந்தத் தெருவில் எழுபது வயதுக்கு மேல் யாராவது உட்கார்ந்திருப்பார்கள், அவர்களிடம் கேளுங்கள். அவர்களுக்குப் போன் போட்டு ரொம்ப நாளாகியிருந்தால் அதற்கும் ஒரு சாக்கு ஆயிற்று.

டிஸ்கி: அடியேன் வங்கிக்காரன்தான், முதலீட்டு ஆலோசகன் அல்ல. மேலே போட்ட கணக்கு புரிந்துகொள்வதற்கு மட்டும். உங்கள் பணம், உங்கள் முடிவு.